ஜூலியற்றின் சாவுக்கு யார் பொறுப்பு?

‘ரோமியோவும் ஜூலியற்றும்’ நாடகத்தை மேடையேற்றுபவர்கள் அதன் கடைசிக் காட்சியைப் பெரும்பாலும் குறுக்கிவிடுவார்கள். ஜூலியற் கத்தியால் தன்னைக் குத்திக்கொண்டு காதலன்மீது சாய்ந்ததும் விளக்கை மங்கவிட்டுத் திரையை விழுத்திவிட்டால், சபையோர் ஈரக் கண்களுடன் எழுந்து போவார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. ஆனால் ஷேக்ஸ்பியர் அந்த இடத்தில் நாடகத்தை முடிக்கவில்லை. ஜூலியற் இறந்த பின்பு இன்னும் ஏறத்தாழ 140 வரிகள் எழுதியிருக்கிறார். காவலர்கள் கல்லறைக்கு ஓடி வருகிறார்கள். கையில் மண்வெட்டியோடும் கண்ணில் நீரோடும் ஒரு துறவி பிடிபடுகிறார். ரோமியோவின் வேலைக்காரன் பிடிபடுகிறான். இளவரசன் நித்திரை கலைந்து வருகிறான், பெற்றோர் வருகிறார்கள். உண்மை தெளியும்வரை யாரும் ஓலமிட வேண்டாம் என்று இளவரசன் கட்டளை இடுகிறான். சாட்சிகள் ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகிறார்கள். பிணங்கள் கிடக்கும் இடத்திலேயே ஒரு மரண விசாரணை நடந்து முடிகிறது.

நேயர்களே, மேடைக்காரர்கள் வெட்டி எறியும் இந்த விசாரணையைத்தான் நாம் இன்று கையில் எடுக்கிறோம். இந்தச் சாவுகளுக்கு யார் பொறுப்பு? பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களில் அடிக்கடி வரும் வினா இது. விதி என்று எழுதுவோர் உண்டு. பெற்றோரின் பகை என்று எழுதுவோர் உண்டு. இளமையின் அவசரம் என்று எழுதுவோரும் உண்டு. மூன்றையும் கலந்து எழுதினால் நல்ல புள்ளி கிடைக்கும். ஆனால் இந்த வினாவுக்கே ஒரு வரலாறு உண்டு. கதை கைமாறிய ஒவ்வொரு முறையும் பழியும் கைமாறியது. அந்த வரலாற்றைப் பார்த்தால்தான் ஷேக்ஸ்பியர் என்ன செய்தார் என்பது விளங்கும்.

முதலில் விதியை விலக்கிவிடுவோம். நாடகத்தின் முன்னுரைப் பாடலிலேயே நட்சத்திரங்கள் இந்தக் காதலருக்கு எதிராக நின்றன என்ற கருத்து வருகிறது. ஊழை நம்பிப் பழகிய நமக்கு அது இனிக்கத்தான் செய்யும். ஆனால் அதே பாடல் பெற்றோரின் சினத்தையும், பிள்ளைகளின் சாவினாலன்றி அது தணியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. விதியைப் பிடித்துக்கொள்வோர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். இன்னொரு செய்தியும் உண்டு. ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகளின் பின், 1623இல், அவருடைய சக நடிகர்கள் தொகுத்து வெளியிட்ட பெருந்தொகுப்பில் இந்த முன்னுரைப் பாடல் அச்சாகவில்லை. அந்தத் தொகுப்பை மட்டும் வைத்து வாசித்தவன் நட்சத்திரங்களின் தீர்ப்பை முதலிலேயே கேட்காமல், நேரே வெரோனா நகரின் தெருச்சண்டைக்குள் நுழைந்திருப்பான். அவனுக்கு எல்லாமே மனிதர் செய்த காரியங்களாகத்தான் தோன்றியிருக்கும்.

இனிக் கதையின் பிறப்புக்குப் போவோம். 1476இல் அச்சான மசூச்சோ சலேர்நித்தானோவின் இத்தாலியக் கதையில் வெரோனாவும் இல்லை, குடும்பப் பகையும் இல்லை. இடம் சியென்னா. காதலன் மரியொத்தோ, காதலி ஜனோசா. இரகசியத் திருமணம் அங்கே உண்டு, உறங்க வைக்கும் மருந்தும் உண்டு. ஆனால் காதலனுக்குச் செய்தி கொண்டு போன தூதன் வழியில் கடற்கொள்ளையரிடம் அகப்படுகிறான். மரியொத்தோ திரும்பி வந்து பிடிபட்டுத் தலை வெட்டப்படுகிறான். ஜனோசா கன்னிமடத்தில் ஏங்கி இறக்கிறாள். அந்தக் கதையில் பொறுப்பைத் தேடினால் கிடைப்பவர் கடற்கொள்ளையர் மட்டுமே.

பகையைக் கொண்டுவந்து சேர்த்தவர் லூயிஜி தா போர்த்தோ. விச்சென்சாவைச் சேர்ந்த இவர் ஒரு போர்வீரர். 1511இல் போரில் பட்ட காயத்தால் உடல் முடங்கிய பின்பு பேனாவை எடுத்தவர். 1530ஆம் ஆண்டளவில், அவர் இறந்த பின்பு, அச்சான அவருடைய கதையில்தான் காதலர்கள் வெரோனாவுக்குக் குடிபெயர்ந்து, ரோமியோ, ஜூலியெத்தா என்ற பெயர்களைப் பெறுகிறார்கள். இரு குடும்பங்களின் பெயர்களும் மகாகவி தாந்தேயின் ‘புர்கத்தோரியோ’வில், இத்தாலியின் உட்பகைக்கு எடுத்துக்காட்டாக முன்னரே வந்தவைதாம். தாந்தே காலத்தில் அவை அரசியல் கட்சிகளைக் குறித்த பெயர்கள். கட்சிச் சண்டையைத் தா போர்த்தோ குடும்பச் சண்டையாக்கினார். கற்பனையென்றாலும் வேரில்லாத கற்பனை அன்று. கட்சி கட்டி வெட்டிக்கொண்ட பிரபுக் குடும்பங்களை இத்தாலியின் வடபகுதியில் அவர் கண்ணாரக் கண்டிருந்தார்.

அதன் பின் கதை பண்டெல்லோவின் கைக்குப் போனது (1554). அங்கிருந்து பிரான்சுக்குப் போய்ப் பொவாஸ்தியோவின் கைக்கு (1559). அங்கிருந்து ஆங்கிலம். 1562இல் ஆதர் புறூக் என்பவர் இதை ஒரு நெடுங்கதைப்பாட்டாக எழுதினார். ஷேக்ஸ்பியர் மேசையில் விரித்து வைத்திருந்தது இந்த நூலைத்தான். புறூக் அடுத்த ஆண்டே கப்பல் விபத்தில் கடலில் மூழ்கி மாண்டார். தன் கதையை ஒரு மேதை எடுத்தாண்டதை அவர் அறியவில்லை.

புறூக்கின் நூலுக்கு ஒரு முகவுரை உண்டு. அதில் பொறுப்புப் பற்றி அவருக்கு எந்த ஐயமும் இல்லை. காதலர்கள் ஒழுக்கமற்ற ஆசைக்கு அடிமையானார்கள், பெற்றோரின் சொல்லையும் நண்பர்களின் புத்தியையும் மதிக்கவில்லை, குடிகாரக் கிழவிகளையும் மூடநம்பிக்கைத் துறவிகளையும் நம்பினார்கள், ஆதலால் அழிந்தார்கள். முதலாம் எலிசபெத் அரியணை ஏறி நாலு ஆண்டுகளே ஆன காலம் அது. புரட்டஸ்தாந்து இங்கிலாந்தில் கத்தோலிக்கத் துறவியைத் திட்டுவது எழுத்தாளனுக்குப் பாதுகாப்பான காரியம். ஆனால் முகவுரையைத் தாண்டிக் கதைப்பாட்டுக்குள் போனால் வேறொரு புறூக் தென்படுகிறார். அங்கே துறவி நல்லவர், காதலர்கள் இரக்கத்துக்குரியவர்கள். முகவுரை தணிக்கைக்கு, பாட்டு மனதுக்கு என்று எழுதினாரோ என்னவோ.

ஆனாலும் புறூக் தன் கதையின் முடிவில் தண்டனைகளைத் திட்டமாக வழங்கிவிடுகிறார். திருமணத்தை மறைத்த குற்றத்துக்குச் செவிலித்தாய் நாடு கடத்தப்படுகிறாள். நஞ்சு விற்ற மருந்துக்கடைக்காரன் தூக்கிலிடப்படுகிறான். ரோமியோவின் வேலைக்காரன் விடுதலையாகிறான். துறவி மன்னிக்கப்பட்டு, தானாகவே ஊரை விட்டு ஒதுங்கித் தவக்குடில் ஒன்றில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து இறக்கிறார். கவனியுங்கள்: தண்டனை பெற்ற இருவரும் ஏழைகள். ஒருத்தி கூலிக்காரி, மற்றவன் பட்டினி கிடந்தவன். பகையை வளர்த்த இரண்டு பிரபுக்களுக்கும் ஒரு தண்டமும் இல்லை.

ஷேக்ஸ்பியர் இந்தப் பட்டியலை அப்படியே கிழித்தெறிந்தார். சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்று இளவரசன் பொதுவாகச் சொல்வதோடு நாடகம் முடிகிறது. யாருக்கு எது என்பது சொல்லப்படவில்லை. புறூக்கை வரிக்கு வரி பின்பற்றக் கூடியவர் இந்த இடத்தில் பின்பற்றாமல் விட்டதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

வேறு மாற்றங்களையும் பார்த்துவிடுவோம். புறூக்கிடம் ஒன்பது மாத அளவு நீண்ட கதையை ஷேக்ஸ்பியர் ஐந்து நாட்களுக்குள் அடக்கினார். ஞாயிறு காலைச் சண்டையில் தொடங்கி வெள்ளி விடியலில் முடிகிறது. தா போர்த்தோவிடம் பதினெட்டாகவும் புறூக்கிடம் பதினாறாகவும் இருந்த ஜூலியற்றின் வயது பதின்மூன்றுக்கு இறங்கியது. அக்காலத்து இங்கிலாந்தில் சாதாரணப் பெண்கள் இருபதுகளின் நடுப்பகுதியிற்றான் மணம் முடித்தார்கள். ஆதலால் இலண்டன் சபையோருக்கும் அந்த வயது திடுக்கிட வைக்கும் வயதுதான். பொறுப்பு என்ற சொல்லையே அவள்மீது சுமத்த முடியாதபடி அவளைக் குழந்தையாக்கினார் எனலாம். அதே வேளை ரோமியோவின் சுமையைக் கூட்டினார். புறூக்கின் ரோமியோ தற்காப்புக்காக ரிபோல்ற்றைக் கொல்கிறான். ஷேக்ஸ்பியரின் ரோமியோ, தன் கைக்குக் கீழாகப் பாய்ந்த வாளால் நண்பன் மேர்க்கூசியோ மடிந்ததைக் கண்டு பழிக்குப் பழியாகக் கொல்கிறான். புறூக்கிடம் பாரிஸ் சாவதில்லை. ஷேக்ஸ்பியரிடம், மலர் தூவக் கல்லறைக்கு வந்த பாரிஸும் ரோமியோவின் வாளுக்கு இரையாகிறான். நம் காதல் நாயகன் சாகும்போது அவன் கையில் இரண்டு கொலைகள் இருக்கின்றன. அழகான வசனங்களின் மயக்கத்தில் இதை நாம் மறந்துவிடுகிறோம்.

கடிதம் போய்ச் சேராத கதைக்கு வருவோம். மசூச்சோவின் கடற்கொள்ளையர் இருந்த இடத்தில் இப்போது கொள்ளைநோய் நிற்கிறது. லோறன்ஸ் அடிகளின் கடிதத்தைக் கொண்டு புறப்பட்ட யோவான் அடிகள், துணைக்கு இன்னொரு துறவியைத் தேடி நோயாளிகள் இருந்த வீட்டுக்குப் போகிறார். நோய்ச் சோதனைக்காரர் ஐயப்பட்டுக் கதவை முத்திரையிட்டு அடைத்துவிடுகிறார்கள். புறூக்கிடம் இந்த அடைப்பு மாந்துவாவில் நடக்கிறது. ஷேக்ஸ்பியர் அதை வெரோனாவுக்கே மாற்றினார். கடிதம் ஊர் எல்லையையே தாண்டவில்லை. இதற்கு இத்தாலியைத் தேடிப் போகத் தேவையில்லை. 1592 முதல் 1594 வரை இலண்டனில் கொள்ளைநோய் தாண்டவமாடியது. 1593இல் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டனர். நாடக அரங்குகள் பெரும்பாலான காலம் மூடிக் கிடந்தன. நோய் கண்ட வீட்டை வீட்டாரோடு சேர்த்து ஆறு கிழமைக்கு அடைத்து வைப்பது அரச கட்டளை. இந்த நாடகம் எழுந்தது அதன் பின் சூடு ஆறாத 1595ஆம் ஆண்டளவில். கதவில் முத்திரை என்ற சொல் மேடையில் கேட்டபோது, முன்னால் நின்ற இலண்டன்வாசிகளில் தன் வீட்டுக் கதவை நினைத்துக்கொண்டவர் பலர் இருந்திருப்பார்கள். கடிதம் தவறியது அவர்களுக்கு வெறுங் கதைத் திருப்பமாகத் தோன்றியிராது.

அந்த 1595இல் இலண்டன் தெருக்களில் தொழில் பழகும் இளைஞர்களின் கலகமும் நடந்தது, சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு இரண்டு பெருங்குடும்பங்களின் பகையில் ஹென்றி லோங் என்பவர் கொல்லப்பட, கொன்ற டான்வேர்ஸ் சகோதரர்கள் சவுதாம்ப்ரன் பிரபுவின் உதவியோடு பிரான்சுக்குத் தப்பி ஓடினார்கள். ஷேக்ஸ்பியர் தன் இரு கவிதை நூல்களைக் காணிக்கையாக்கியது இதே சவுதாம்ப்ரன் பிரபுவுக்குத்தான். இதிலிருந்தே நாடகம் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பகைகொண்ட குடும்பங்கள், தப்பி ஓடும் கொலையாளி, கண்டும் காணாத அதிகாரம் என்பவை அவருக்குத் தூரத்து இத்தாலியின் செய்திகள் அல்ல.

இப்போது நம் விசாரணையின் நடு இடத்துக்கு வருகிறோம். தமிழ் இலக்கியம் பழகியவர்களுக்கு இந்த நாடகத்தில் ஒரு குறை உடனே கண்ணில் படும். நம் அகத்திணை மரபில் களவு என்றென்றும் களவாகவே இருப்பதில்லை. தலைவிக்கு வேற்று வரைவு நேரும்போது, அதாவது வேறொருவனுக்கு அவளைக் கொடுக்கப் பெற்றோர் முனையும்போது, தோழி செவிலிக்குச் சொல்வாள். செவிலி நற்றாய்க்குச் சொல்வாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் தெரியப்படுத்துவாள். இதற்குத் தொல்காப்பியர் காலந்தொட்டு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். மறைத்ததை உரிய வேளையில் வெளிப்படுத்துவதையே நம் முன்னோர் அறம் என்றார்கள். ஷேக்ஸ்பியர் நம் இலக்கணத்தை அறிந்தவர் அல்லர். அதை அளவுகோலாக்கி அவருக்குப் புள்ளி போடுவது நம் நோக்கமும் அன்று. ஆனால் இந்த விளக்கைப் பிடித்துப் பார்த்தால் வெரோனாவில் நடந்தது தெளிவாகத் தெரிகிறது. அங்கே செவிலி இருக்கிறாள், வேற்று வரைவும் வருகிறது. அறத்தொடு நிற்க மட்டும் ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. ரோமியோ சாளரத்தால் இறங்கிப் போன சிறிது நேரத்தில் கப்பியூலற் மகளின் அறைக்கு வருகிறார். பாரிஸை மணக்க மாட்டேன் என்கிறாள் மகள். அவர் கொதித்தெழுந்து, தெருவில் கிடந்து சா என்று சபிக்கும் அளவுக்குப் போகிறார். அந்த வேளையில் செவிலி வாய்மூடி நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையை இப்படி ஏசுவது தவறு என்று எசமானின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவருக்கு எதிர்ச்சொல் சொல்லும் துணிவு அவளுக்கு இருக்கிறது. அந்தத் துணிவோடு இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: இவள் ஏற்கெனவே மணமானவள். அதைத்தான் அவள் சொல்லவில்லை. கப்பியூலற் போன பின்பு, ரோமியோவை மறந்து பாரிஸைக் கட்டிக்கொள் என்று ஜூலியற்றுக்குப் புத்தி சொல்கிறாள். தூது போனவளும் அவள்தான், கயிற்றேணி கொண்டு வந்தவளும் அவள்தான்! ஜூலியற் அந்தக் கணத்தோடு அவளைத் தன் மனத்திலிருந்து இறக்கிவிடுகிறாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை தனித்துப் போனது அந்த இடத்தில்.

செவிலியாவது கூலிக்காரி, வேலை போய்விடும் என்ற பயம் இருக்கலாம். லோறன்ஸ் அடிகளுக்கு அந்தப் பயம் இல்லை. ஊரே மதிக்கும் துறவி அவர். இரகசியமாக மணம் செய்து வைத்ததற்கு அவர் சொன்ன காரணம் பெரியது: இந்தத் திருமணத்தால் இரு வீட்டுப் பகையும் அன்பாக மாறலாம். நல்ல நோக்கந்தான். ஆனால் சமாதானத்தை இரகசியமாகச் செய்துவிட முடியாது. ரோமியோ நாடு கடத்தப்பட்ட பின்பும், தக்க வேளை வந்ததும் திருமணத்தை ஊரறிய அறிவித்து, உறவினரைச் சமாதானப்படுத்தி, இளவரசனின் மன்னிப்பைப் பெற்று உன்னை அழைப்பேன் என்று அவர்தாம் உறுதி சொல்கிறார். அறிவிப்பது அவருடைய திட்டத்திலேயே இருந்தது. தக்க வேளைதான் வரவில்லை.

உண்மையில் அது வந்தது. செவ்வாய்க்கிழமையே பாரிஸ் அவருடைய அறைக்கு வந்து, வியாழக்கிழமை திருமணம் என்கிறான். அடிகள் தயங்குகிறார். நாள் மிகக் கிட்டியது என்கிறார். பெண்ணின் மனம் தெரியாது என்கிறார். காரணத்தைத் தனக்குள் முணுமுணுத்துக்கொள்கிறார். மணமகன் நேரே நிற்கிறான். மணமான பெண்ணை இன்னொருவனுக்கு மணம் செய்து வைக்கக் கேட்கிறான். திருச்சபைச் சட்டத்தை அறிந்த ஒரு துறவி தடை சொல்ல இதைவிடப் பொருத்தமான வேளை எது?

அந்தச் சட்டத்தைச் சிறிது விளக்குவது நல்லது. இருவரும் மனமொத்து வாக்குக் கொடுத்தால் அதுவே செல்லுபடியான திருமணம் என்பதுதான் மத்தியகாலத் திருச்சபையின் நிலை. பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதினாலு வயதானால் போதும். பெற்றோர் சம்மதம் இல்லாவிட்டால் கண்டனத்துக்குரியது, ஆனால் செல்லாதது அன்று. பங்குக் குருவும் சாட்சிகளும் இன்றேல் திருமணமே இல்லை என்று திரெந்துப் பொதுச்சங்கம் விதித்தது 1563இல். புரட்டஸ்தாந்து இங்கிலாந்து அதை ஏற்கவில்லை. அங்கே 1753 வரைக்கும் பழைய நிலைமைதான். ஆகவே வெரோனாவின் சட்டப்படியும் சரி, இலண்டன் சபையோரின் சட்டப்படியும் சரி, திங்கட்கிழமை பிற்பகல் தொடக்கம் ஜூலியற் ரோமியோவின் மனைவி. கப்பியூலற் எவ்வளவு குதித்தாலும் அதைக் குலைக்க முடியாது. ஒரு வாக்கியம் பாரிஸைத் தடுத்திருக்கும்.

அதனால் கப்பியூலற் மகளை வீட்டை விட்டுத் துரத்தியிருப்பாரே என்று அடிகளுக்காக வாதாடலாம். ரிபோல்ற்றின் இரத்தம் காயாத நேரம், அவனைக் கொன்றவன்தான் மருமகன் என்று சொல்வது சுலபமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அடிகளே அதற்கு மறுமொழி தருகிறார். வியாழன் இரவு கல்லறையில், ரோமியோ இறந்து கிடக்க, கண்விழித்த ஜூலியற்றிடம் அவர் சொல்வது என்ன? வா, உன்னைக் கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். அந்த மடம் செவ்வாய்க்கிழமையும் அங்கேதான் இருந்தது! பிணம்போல் உறங்க வைக்கும் மருந்தும் 42 மணித்தியாலக் கணக்கும் கடிதமும் கல்லறையும் இல்லாமலே அவளை அங்கே ஒளித்து வைத்திருக்கலாம்.

ஏன் செய்யவில்லை என்பதை ஜூலியற் ஊகித்திருக்கிறாள். மருந்தைக் கையில் ஏந்தியபடி அவள் தனியே பேசும் இடத்தில், என்னை ரோமியோவுக்கு மணம் செய்து வைத்தது வெளியானால் அவருக்கு அவமானம், அதற்காக இது உண்மையான நஞ்சாகவே இருக்குமோ என்று ஒரு கணம் ஐயப்படுகிறாள். உடனே, அவர் புனிதர் என்று அந்த ஐயத்தைத் தள்ளிவிடுகிறாள். நஞ்சு பற்றி அவள் நினைத்தது தவறு. அவமானம் பற்றி நினைத்தது, என் கருத்தில், சரி. கல்லறையில் ஆட்களின் சத்தம் கேட்டதும் அவளைத் தனியே விட்டுவிட்டு அவர் ஓடிய ஓட்டம் அதற்குச் சாட்சி. கெட்டவர் அல்லர். நல்ல பெயரைக் காப்பாற்ற நினைத்த நல்லவர்.

தந்தையின் பங்கு வேறு விதமானது. சினத்தால் அவர் செய்த தீங்கைவிட மகிழ்ச்சியால் செய்த தீங்கு பெரிது. அடிகளின் திட்டப்படி ஜூலியற் மருந்தைக் குடிக்க வேண்டியது புதன்கிழமை இரவு. ஆனால் அவள் வீடு திரும்பி, பாரிஸை மணக்கச் சம்மதம் என்று பொய்யாகப் பணிந்ததும், கிழவர் பூரித்துப் போய்த் திருமணத்தை வியாழனிலிருந்து புதனுக்கு இழுத்துவிடுகிறார். ஜூலியற் செவ்வாய் இரவே குடிக்க நேர்கிறது. ஒரு முழு நாள் பறிபோகிறது. அந்த ஒரு நாள் மிஞ்சியிருந்தால் யோவான் அடிகள் அடைபட்ட செய்தி காலத்தோடு தெரிய வந்திருக்கலாம். மகள் கீழ்ப்படிந்தாள் என்ற சந்தோஷமே அவளுடைய உயிருக்கு உலை வைத்தது. பிள்ளையைப் பெற்றவர்களுக்கு, அவருடைய வசைமொழிகளைவிட இந்த இடம் அதிகமாகச் சுடும் என்று நினைக்கிறேன்.

பகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது எதனால் தொடங்கியது என்று நாடகத்தில் ஒருவரும் சொல்வதில்லை. ஒருவேளை ஒருவருக்கும் நினைவில்லை.

இளவரசன் எஸ்கலஸ் கதை வேறு. மூன்று முறை தெருச்சண்டை நடந்த பின்புதான் அவன் மரண தண்டனையை அறிவிக்கிறான். கொலை விழுந்ததும் அந்தத் தண்டனையை நாடு கடத்தலாகக் குறைக்கிறான். அவன் இரக்கம் காட்டியது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரையும் விசாரித்து முடித்த பின்பு அவன் தன்னையே கூண்டில் ஏற்றிக்கொள்கிறான். உங்கள் பகையைக் கண்டும் காணாமல் இருந்ததால் நானும் என் உறவினர் இருவரை இழந்தேன் என்ற கருத்துப்பட ஒப்புக்கொள்கிறான். மேர்க்கூசியோவும் பாரிஸும் அவனுக்கு உறவு. எல்லாரும் தண்டிக்கப்பட்டோம் என்று அவன் சொல்லும்போது அந்த எல்லாரில் நீதிபதியும் அடங்குகிறான். புறூக்கின் தண்டனைப் பட்டியலை ஷேக்ஸ்பியர் ஏன் கிழித்தார் என்பதற்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. தானே குற்றவாளி என்று ஒப்புக்கொண்ட வாயால் ஒரு மருந்துக்கடைக்காரனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தால் அது நாடகம் ஆகாது, கேலிக்கூத்து ஆகிவிடும்.

பிற்காலத்தவர் இந்தச் சுமையைத் தாங்க மாட்டாமல் பட்ட பாடு வேடிக்கையானது. பதினேழாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஹவார்ட் என்பவர் காதலர்களை உயிரோடு விட்டு ஒரு வடிவம் எழுத, இலண்டனில் ஒருநாள் சோக முடிவும் மறுநாள் சுப முடிவுமாக மாறிமாறி நடித்தார்கள்! 1748இல் புகழ்பெற்ற நடிகர் காரிக், ரோமியோ சாகுமுன் ஜூலியற் கண்விழித்து இருவரும் பேசும்படி காட்சியை மாற்றினார். தா போர்த்தோவின் பழைய கதையில் இருந்த சந்திப்புத்தான் அது. சபையோர் உருகினார்கள். ஆனால் கண்ணீர் பெருகிய அளவுக்கு விசாரணை சுருங்கியது.

நம்மவர் பக்கத்திலும் இக்கதைக்கு ஓர் உறவு உண்டு. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்து 1937இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’ படத்தை இயக்கிய அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், அதற்கு முந்திய ஆண்டு வந்த ஹொலிவூட் ‘ரோமியோ ஜூலியற்’ படத்தின் காதற் காட்சிகளை எடுத்தாண்டார். தமிழ் வசனம் தீட்டியவர் இளங்கோவன். சாளரமும் நிலவும் பொருந்திவிட்டன. ஆனால் பொறுப்பு என்று வரும்போது இரண்டு கதைகளும் பிரிந்துவிடுகின்றன. அம்பிகாபதி கதையில் காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணி நூறு ஆகிவிட்டதென்று அமராவதி தலை நீட்டுகிறாள், கணக்குப் பிழைக்கிறது, அரசன் தலையைக் கொய்கிறான். தவறு யாருடையது, கொன்றவன் யார் என்பது குழந்தைக்கும் தெரியும். வெரோனாவில் கொல்லும் அரசன் இல்லை. அதனாற்றான் நானூறு ஆண்டுகளாகியும் வழக்கு முடியாமல் இருக்கிறது.

விசாரணையின் கடைசிக் கட்டத்தை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். லோறன்ஸ் அடிகள் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறார். செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் உயிர்களைக் காத்திருக்கக்கூடிய அதே செய்தி. என் பிழையென்றால் இந்தக் கிழட்டு உயிரை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். உம்மைப் புனிதர் என்றே அறிந்திருக்கிறோம் என்று இளவரசன் அவரை விட்டுவிடுகிறான். தந்தையர் இருவரும் கைகொடுத்துக்கொள்கிறார்கள். ஜூலியற்றுக்குத் தங்கத்தில் சிலை வைப்பேன் என்கிறார் மொன்ரகியூ. ரோமியோவின் சிலையும் அதற்குக் குறையாது என்கிறார் கப்பியூலற். அந்த வேளையிலும் ஒருவருக்கொருவர் குறைந்துவிடக் கூடாது!

நஞ்சு விற்றவனுக்கு என்ன தண்டனை என்று இளவரசன் சொல்லவில்லை. நாற்பது பொற்காசுக்காக, வறுமையினால் மட்டுமே சம்மதித்து விற்ற அந்த மாந்துவாக்காரன் என்ன ஆனான் என்பது நமக்குத் தெரியாது. இந்தத் திருமணம் செவிலிக்கும் தெரியும் என்று அடிகள் தம் வாக்குமூலத்தில் மறக்காமல் குறிப்பிடுகிறார். அவளை அழைத்து வாருங்கள் என்று எவரும் சொல்வதாக நாடகத்தில் இல்லை. தூக்கி வளர்த்த பிள்ளை இரத்தத்தில் கிடக்கும் அந்தக் கல்லறையில், இளவரசனும் பிரபுக்களும் துறவியும் காவலரும் கூடி நிற்கும் அந்த விடியலில், அவள் மட்டும் இல்லை.